மேகலா மிதிக்கும் பெடல்

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. வேலூரில் ஸ்கேன் எடுக்கும் வரிசையில், பக்கத்து நாற்காலிப் பெண் போனில் யாரிடமோ சொன்னாள்: "கால் நல்லாத்தான் கீது. மிஷின் ஓடுதுல்ல?" அவள் பெயர் தெரியாது. மேகலா என்று வைத்துக்கொண்டேன். அந்த வரிசையில் எனக்கென்ன வேலை என்பதை அப்புறம் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வலி என்பது உடலின்...' வேண்டாம். இப்படி எழுதுகிறவனுக்கு அன்றைக்கு வலி இருந்திருக்காது.

இரண்டாவது: மேகலா விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய், ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள். இடுப்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. வலது காலின் பலம் மட்டும் திரும்பவில்லை. குதிகாலைத் தூக்கி, அந்த ஒரு காலின் விரல்களில் நிற்கச் சொன்னார் டாக்டர். அவளால் முடியவில்லை.

"ஆபரேஷன் பண்ணா பலம் வரலாம், உறுதியா சொல்ல மாட்டேன். தள்ளிப் போட்டா அந்த வாய்ப்பும் கம்மியாகும். திங்கட்கிழமை வந்து முடிவு சொல்லுங்க."

முதுகில் கத்தி வைத்தால் நடக்கவே முடியாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் டாக்டரைவிடப் பெடலை நம்பினாள். நாள் முழுக்க அதே வலது காலால்தான் மிதிக்கிறாள். லைனில் யாருக்கும் குறையாமல் தைக்கிறாள். பலமில்லாத காலா இது?

3

(இங்கே அதாவுல்லா வருகிறான். மிஷின் மெக்கானிக். இவனை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ரொம்ப நல்லவனாக இருந்தான். கதைக்குள் நல்லவர்கள் வந்தாலே எனக்குப் பேஜார்.)

சனிக்கிழமை மேகலாவின் மிஷினில் மோட்டார் போய்விட்டது. பக்கத்து மிஷினில் உட்கார்ந்து மிதித்தாள். பெடல் பாதியில் நின்றது. இடது காலையும் வைத்து அழுத்திய பிறகுதான் ஓடியது.

"இன்னா அதாவுல்லா, இது இவ்ளோ டைட்டா கீது?"

அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றான். "எல்லா மிஷினும் இப்டித்தான்க்கா. உங்களுதுதான்... நீங்க கால இழுத்துக்கினு வர்றதப் பாத்து ஸ்பிரிங்க லூஸ் பண்ணி வெச்சேன். வெரல் பட்டாவே ஓடும்."

மேகலாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் அவள் நம்பியிருந்தது இவனுடைய இரக்கத்தை.

4

முடிவு அ: ஆபரேஷன் முடிந்து, மேகலா விரல்களில் எழும்பி அலமாரியின் மேல்தட்டு டப்பாவை எடுக்கிறாள். எழுதி அடித்தேன்.

முடிவு ஆ: கத்தியே படாமல் பலம் தானாக... இதையும் அடித்தேன். இரண்டிலும் நான் ஸ்பிரிங்கைத்தான் தளர்த்திக்கொண்டிருந்தேன்.

நேர்மையாக என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். மோட்டார் சரியானதும் மேகலா அவனிடம் சொன்னாள்: "எல்லார்க்கும் கீற மாதிரியே டைட் பண்ணிடு. திங்கக்கெழம என் கால வெச்சித்தான் பதில் சொல்லணும், உன் ஸ்பிரிங்க வெச்சி இல்ல."

டாக்டரிடம் அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவள்மேல் பிரியம் இருக்கலாம். அதற்காகப் பெடலை இளக்கிவிடாதீர்கள்.

என் ஸ்கேன் கவர் பீரோவுக்குள் பிரிக்காமல் கிடக்கிறது. எனக்கும் இடுப்பில் அதே இடம், அதே வலது கால். வலி போய்விட்டது, சரியாகிவிட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எழுதுகிறவனுக்குப் பெடலும் இல்லை, கேட்பாரும் இல்லை. பயமாக இருக்கிறது. இந்த வரியை முடித்ததும் எழுந்து, சுவரைப் பிடிக்காமல், குதிகாலைத் தூக்கி