கழுத்தின் வலப்பக்கம்

அவர் முதல் தடவை கடைக்கு வந்தபோது கைக்கு ஒன்றாக இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டும் வாய்வரை நிறைந்து, ஜிப் பிதுங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்து, மணியை அடித்துப் பார்ப்பார்கள். இவர் பைகளை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டு, இந்தச் சுமையோடு தினமும் பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும், அதே அளவு திரும்பி வர வேண்டும், வண்டி ஆடக் கூடாது என்று சொன்னார். பைகளில் என்ன என்று அண்ணன் கேட்டதற்கு, "துணிமணிதான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் கடையில் பேச்சு அண்ணனுடையது, ஸ்பானர் என்னுடையது. அண்ணன் வழக்கம்போல எடை குறைந்த, வேகமாகப் போகிற வண்டி ஒன்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு விரலில் தூக்க முடிந்தால் காற்றும் தூக்கிவிடுமே என்றார். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவர் என்று பிறகு தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. ஒவ்வொரு வண்டியின் விவர அட்டையையும் முழுக்கப் படித்தார். ஒன்றில் இருந்த எழுத்துப் பிழையை மட்டும் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தார். முதல் இரண்டிலும் பின்னால் பைகளை மாட்டியதும், பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தது. மூன்றாவது, மூலையில் எட்டு மாதமாகத் தூசி படிந்து கிடந்த டூரிங் சைக்கிள். நெடும்பயணம் போகிறவர்களுக்கானது, கரும்பச்சை நிறம், இரும்பு ஃபிரேம், பின்சக்கரம் கொஞ்சம் தள்ளியே இருக்கும், அதனால் கால் இடிக்காது. தெருமுனைவரை போய்த் திரும்பியவர் இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றி நின்றபடி, "இது சுமையத் தூக்கிட்டு வர்ற மாதிரி இல்ல. கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார். அந்த வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் அளவெடுத்தேன். வண்டியைத் தாங்கியில் பூட்டி, அவரை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்துக் கால் நேராகிற உயரத்துக்கு சீட்டை ஏற்றினேன். நூலில் ஒரு நட்டைக் கட்டி முழங்காலிலிருந்து தொங்கவிட்டு, அது பெடலின் நடுவில் வந்து விழும்வரை சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன். முதுகில் கை வைத்துச் சாய்வு பார்த்தேன். நான் டெய்லராகப் போயிருக்க வேண்டியவள் என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். இருக்கலாம். ஆனால் டெய்லரிடம் யாரும் வலியைப் பற்றிப் பேசுவதில்லை. என்னிடம் பேசுவார்கள். கட்டின மனைவிக்குத் தெரியாத இடுப்பு வலியெல்லாம் எனக்குத் தெரியும். அவரிடம் எங்கேயாவது வலி உண்டா என்று கேட்டேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று உடனே சொன்னார். அவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அன்றைக்குக் கடையில் கூட்டம்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். கழுத்து வலிக்கிறதாம். ஹேண்டில்பாரை ஒரு விரற்கடை உயர்த்தினேன். அடுத்த வாரமும் வந்தார். ஹேண்டில்பார் கிட்டே வரும்படி அதைத் தாங்கும் துண்டை மாற்றிக் குட்டையானதைப் போட்டேன். மூன்றாவது வாரம் சீட்டின் மூக்கை இம்மியளவு தாழ்த்தினேன். "கழுத்து வந்திருக்கு" என்று அண்ணன் உள்ளே குரல் கொடுப்பார். வந்தவர் காதில் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பதறும். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றார். இரவு சாப்பிடும்போதுகூட அந்த முதுகுதான் என் கண்ணில் நின்றது. ஒன்பது வருடத்தில் நான் பொருத்திக் கொடுத்த ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான்காவது வாரம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பைகள் இல்லை. துடைத்து, செயினுக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. என் உடம்புக்குத்தான் ஒத்துவரல. திருப்பி எடுத்துக்குவீங்களா?"

அண்ணன் அதற்கென்ன, எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். இனி எப்படிப் போவீர்கள் என்று நான் குறுக்கே கேட்டேன். இரண்டு பஸ் மாற வேண்டும், போய்ச் சேர்வதற்குள் பார்வை நேரத்தில் பாதி போய்விடும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்வை நேரம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்; யாரையோ போய்ப் பார்க்கத்தான் இந்தச் சுமையெல்லாம். எந்தப் பக்கம் வலிக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர் கை தானாக வலப்பக்கம் போனது. மூன்று வாரமாக நான் கேட்கத் தவறிய கேள்வி அது. ஹேண்டில்பார் தள்ளியிருந்தால் கழுத்தின் இரண்டு பக்கமும் வலிக்கும். உயரம் குறைந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால் அது சைக்கிள் செய்கிற வேலை இல்லை.

ஒரே ஒரு நாள் கொடுங்கள், நாளைக்கு உங்கள் பின்னாலேயே நானும் ஓட்டி வருகிறேன் என்றேன். அவர் மறுக்க வாயெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அச்சக வாசலில் கிளம்பினோம். அவர் முன்னே, நான் பத்தடி பின்னே. கிடங்குகள் இருந்த நீளமான சாலை, ரயில்வே கேட், பிறகு பாலம். பாலத்தில் எதிர்க்காற்று. அவர் கியரைக் குறைத்துக்கொண்டு, பாரம் ஏற்றிய படகு மாதிரி நிதானமாக ஏறினார். தோள்கள் தளர்ந்திருந்தன, முழங்கை மடிந்திருந்தது, முதுகு நான் வைத்த இடத்தில் இருந்தது. இதைவிட நன்றாக ஒரு மனிதனை ஒரு சைக்கிளில் பொருத்த எனக்குத் தெரியாது. ஆனால் சிக்னலில் நின்றபோதெல்லாம் வலது கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். முதல் சிக்னலிலேயே; இரண்டு கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்கவில்லை.

போய் நின்றது ஒரு பராமரிப்பு இல்லத்தின் முன்னால். அவர் பைகளைக் கழற்றிக்கொண்டு, அவ்வளவுதான், நன்றி என்பதுபோல நின்றார். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டு நானும் உள்ளே போனேன். வெட்கமில்லாத சாக்குதான்.

கீழ்த்தளத்தில், நடைவழியின் கோடியில், ஒரு கட்டில் மட்டும் இருந்த சின்ன அறை. கட்டிலில் ஓர் அம்மாள். அவருடைய அக்கா. பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது என்று சொன்னார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவராம். அந்தக் குரல் இப்போது இடது உதட்டோரத்திலிருந்து மூச்சைப்போலத்தான் வந்தது. தம்பி பைகளைத் திறந்தார். துவைத்து மடித்த விரிப்புகள், தலையணை உறைகள், இரண்டு நைட்டி. இங்கே போடுகிற சோப்பு அக்காவின் தோலுக்கு ஆகவில்லை, அதனால் எல்லாவற்றையும் வீட்டில் துவைத்துக் கொண்டுவருகிறார். அழுக்கானவற்றை அதே பைகளில் அடைத்தார். பிறகு கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. அக்காவின் பேச்சு வருவதோ அந்தச் சுவர்ப் பக்க உதட்டிலிருந்து. இவர் இந்தப் பக்கம் ஸ்டூலில் பாதி எழுந்து, கட்டில் கம்பிக்கு மேலே உடம்பை நீட்டி, கழுத்தை ஒடித்துச் சாய்த்து, வலது காதை அக்காவின் வாயருகே கொண்டுபோனார். அப்படியே இருந்தார். அக்கா ஏதோ சொல்ல, "ம்" கொட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியும் அந்தக் கழுத்து நிமிரவில்லை.

அவர் வெளியே வந்தபோது கேட்டேன். "சார், தினமும் எவ்வளவு நேரம் இப்படி?"

"ஒன்றரை மணி நேரம்."

"வலி சைக்கிள்னால வரலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் நடைவழிச் சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "சைக்கிள்னா திருப்பிக் குடுத்துடலாம்மா" என்றார். "இங்கேருந்து வருதுன்னா நான் என்ன பண்ண முடியும்?"

கதவு திறந்துதான் இருந்தது. அறைக்குள் கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிற சத்தம். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர் பேசுவது எதுவும் காதில் விழவில்லை. எழுந்து, நீட்டி, கழுத்தைச் சாய்த்தேன். மருந்தும் பவுடரும் கலந்த வாசனை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அவன் வரலைன்னா... எனக்குக் கோவம் வரும். வந்தா... கழுத்தப் பிடிச்சுட்டுப் போறான். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு." பிறகு, "நீ சைக்கிள்தான் பாப்பியா... ஆளையும் பாப்பியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கழுத்தில் சுரீர் என்றது. அதற்குள்ளேயே.

நர்ஸைத் தேடிப் போய், கட்டில் ஏன் சுவரோடு கிடக்கிறது என்று கேட்டேன். இதற்கு முன் அந்த அறையில் இருந்தவர் இரண்டு தடவை கீழே விழுந்தாராம், அதனால் ஒட்டிப் போட்டார்களாம். "அப்புறம் யாரும் கேக்கல, அதான் அப்படியே இருக்கு" என்றார். நகர்த்தலாமா என்றால், தாராளமாக என்றார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் உயரமான ஒரு ஸ்டூல் சும்மா நின்றிருந்தது, அதையும் கேட்டு வாங்கினேன். நர்ஸின் அனுமதியோடு கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை மெல்ல உயர்த்தினேன். போதும் என்று அக்கா கண்ணால் சொன்னதும் நிறுத்தினேன். என் பையில் அளவுநாடா இருந்தது, எடுக்கவில்லை. தம்பியை உயர ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் காதுக்கும் அக்காவின் வாய்க்கும் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். இனி வேண்டியது, சுவர்ப்பக்கம் அந்த ஸ்டூல் போட ஓர் ஆள் அகலம் இடம்.

கட்டிலுக்கு நான்கு சக்கரம். நான்கிலும் பிரேக். மாதக்கணக்கில் யாரும் தொடாததால் இறுகிப்போயிருந்தன. நான் ஒவ்வொன்றாகக் காலால் மிதித்து விடுவித்தேன். நர்ஸ் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டார், தம்பி கால்மாட்டை. நான் நடுக்கம்பியில் கை வைத்தேன். "அக்கா, கொஞ்சம் ஆடும், பயப்படாத" என்றார் அவர். தள்ளினோம். முதலில் ஒரு சக்கரம் முனகியது, பிறகு நான்கும் ஒரே சீராக உருளத் தொடங்கின. அக்காவின் கண்கள் விரிந்தன. கை தேடிப்போய்க் கம்பியைப் பிடித்தது. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நிற்கும் இடம் வந்துவிட்டது. போதும், நிறுத்துங்கள் என்றேன்.

அக்கா ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. தம்பி புதிதாகக் கிடைத்த இடத்துக்குப் போய் நின்று காது கொடுத்தார். இந்தத் தடவை லேசாகக் குனிந்தது மட்டும்தான். கேட்டுவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று எங்களைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்றா."

நர்ஸ் நடைவழியை எட்டிப் பார்த்தார். சாயங்கால மருந்து வண்டி போயாகிவிட்டது, யாரும் இல்லை. கதவின் இரண்டாவது பாதியையும் திறந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் கட்டிலைத் திருப்பினோம். வாசற்படியில் ஒரு சின்னக் குலுக்கல், அப்புறம் வழவழப்பான நீண்ட தரை. மூடிய கதவுகள் இரண்டு பக்கமும் பின்னால் நகர்ந்தன. தம்பி குனிந்த தலையோடு, பாலம் ஏறியதுபோலவே நிதானமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்து, கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஐந்து விரல்களையும் விரித்துக் காற்றில் பிடித்திருந்தார்.