தொண்ணூற்று நான்கு மில்லி

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பயிற்சிக் காலம் மூன்று மாதம். கடைசி வாரத்தில் ஒரு தேர்வு உண்டு. என்ன மாவு என்று சொல்லாமல் ஒரு பொட்டலம் தருவார்கள். அதில் புரதம் எவ்வளவு என்று இரண்டு முறை தனித்தனியாகச் சோதித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

மதியம் மூன்று மணிக்குக் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தேன். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விட வேண்டும். பச்சை மறைந்து இளஞ்சிவப்பு தொடங்கும் சொட்டில் நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் குடுவைக்கு 18.4. இரண்டாவது குடுவையைப் பிடித்தபோது கை நடுங்கியது. இரண்டு வாரமாக இப்படித்தான். குளிர்சாதனத்தின் மேல் பழி போட்டு வைத்திருந்தேன். நிறம் மாறியது. அளவைப் பார்த்து எழுதினேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பதிவேட்டை மேடத்திடம் கொடுத்தேன்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவர். பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு மில்லியா?"

"என்ன மேடம்?"

"பியூரெட்டே அம்பது மில்லிதாம்மா. மீதி நாப்பத்தி நாலை எங்கேருந்து ஊத்தினே?"

அடுத்த மேசையிலிருந்து எண்ணெய் அக்கா எட்டிப் பார்த்தாள். உணவிலிருந்து கொழுப்பைப் பிரித்து அளப்பது அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். "தொட்டியிலேருந்து மொண்டு ஊத்தியிருப்பா மேடம். பாவம், நல்ல பொண்ணு."

கூடமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு விடையும் ஒத்துப்போகலேன்னா, கை தப்பிடுச்சுன்னு எடுத்துக்கலாம். பாக்காத எண்ணை எழுதினா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இது எங்கேருந்து வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் காது சுட்டது. வாய் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் போனால், இல்லாத எண்ணை எழுதியவள் என்ற பெயரோடுதான் போக வேண்டும்.

"அது ஆப்பிள் மேடம்."

"எது?"

"தொண்ணூத்தி நாலு. மத்தியானம் சாப்பிட்ட ஆப்பிளோட கலோரி. மனசுல ஓடிட்டே இருந்துச்சு. அதைக் கைதவறி எழுதிட்டேன்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆப்பிளோட வேற என்ன சாப்பிட்டே?"

"வேற எதுவும் இல்ல மேடம்."

"காலையிலே?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குக் காலையிலே வந்து ரெண்டையும் மறுபடி பண்ணு. இதுதான் கடைசி."

மூன்று மாதத்துக்கு முன்னால் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி, நல்லா பூசினாப்புல ஆயிட்டே?" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். சொன்ன கையோடு மறந்தும் போயிருப்பாள். நான் மறுநாளே கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி. சோறு கிடையாது. ஆறு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும்.

அன்று பேருந்தில் எங்கள் கூடத்தின் அறிக்கைகளை நினைத்துக்கொண்டேன். நாங்கள் ஒரு ரொட்டியைச் சோதித்தாலும் ஈரம், சாம்பல், கொழுப்பு, புரதம், நார் என்று வரிசையாக எழுதுகிறோம். கலோரி கடைசி வரி. ஒரே ஓர் எண்ணோடு எந்த அறிக்கையும் கூடத்தை விட்டு வெளியே போவதில்லை. என்னைப் பற்றி மட்டும் நான் அப்படி ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் செயலியை நீக்கினேன். ஒரு தாளை எடுத்துப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். கீரை, தினமும். பயறு, ஒரு கிண்ணம். தீட்டாத அரிசி மட்டும். சர்க்கரை கூடாது. மைதா கூடாது.

அம்மா தையல் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

"இது என்ன, அடுத்த பரீட்சையா?"

"நல்ல சாப்பாட்டுப் பட்டியல்மா."

"பழைய ஜெயில்லேருந்து புது ஜெயிலுக்கு மாத்தல் வாங்கியிருக்கே. அவ்வளவுதானே?" பையை வைத்தாள். "மூணு மாசத்துல உன் சட்டையை நாலு தடவை பிடிச்சுத் தைச்சிட்டேன். இன்னும் பிடிக்கிறதுக்குத் துணி இருக்கு. உடம்புதான் இல்ல."

சிரிக்கத்தான் சொன்னாள். குரல் கடைசியில் உடைந்தது. இத்தனை நாளும் நான் தொடாமல் ஒதுக்கிய தட்டை அவள்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆப்பிள் விஷயத்தைச் சொன்னேன். நாளைய தேர்வையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சோறு, பருப்பு, கீரை, வறுத்த மீன். எதையும் எடை போடவில்லை. தட்டில் கீரையும் பருப்பும் நிறைய இருந்தன. சோறும் இருந்தது. முதல் நாலு வாய் பயத்தோடு போனது. ஐந்தாவது வாயில் உப்பு தெரிந்தது, பூண்டு தெரிந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள். பார்த்தால் நான் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

கடையில் யாருக்கோ பிறந்த நாள் என்று ஒரு துண்டு கேக் கொண்டுவந்திருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக் என்னடி தப்பு பண்ணுச்சு? இப்படி முறைக்கிறே?"

பாதி சாப்பிட்டதும் போதும் என்று இருந்தது. முன்பெல்லாம் கூடாது என்று நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். மீதியை அம்மா சாப்பிட்டாள்.

காலையில் முட்டை, ரொட்டி, வாழைப்பழம். ஏழரைக்குக் கூடத்தைத் திறந்தவள் நான்தான். ஒரு நாள் சாப்பாட்டில் உடம்பு தேறிவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மாவை எடை போட்டபோது கரண்டி அதிரவில்லை. மாவை அமிலத்தில் காய்ச்சி, ஆறவைத்து, வடித்து எடுப்பதற்குள் மதியம் ஒரு மணியாகிவிட்டது. பியூரெட் முன்னால் நின்றேன். முதல் குடுவை. கடைசிச் சொட்டு முனையில் தொங்கியது. விழவிட்டேன். இளஞ்சிவப்பு. 18.3. உடனே எழுதினேன். எழுதியதைப் பியூரெட்டோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டாவது குடுவை. விரல் லேசாக நடுங்கியது. நிறுத்தினேன். மூச்சு விட்டேன். மறுபடி திறந்தேன். 18.4.

எதையும் கழுவவில்லை. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து பியூரெட்டைக் குனிந்து பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். தன் பேனாவால் இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ஒத்துப்போகுது. வேலை உனக்குத்தான்."

எண்ணெய் அக்கா அங்கிருந்தே கையைத் தட்டினாள். "நாப்பத்தி நாலு மில்லி மிச்சம் மேடம்!"

மேடம் இந்த முறை சிரித்தார். சிரித்தபடியே அலமாரியிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். "அவசர சாம்பிள். சாயங்காலத்துக்குள்ள காய்ச்சி முடிச்சிடணும். இப்பவே ஆரம்பிச்சிடு."

மூன்று மாதத்தில் அவர் சொன்ன எதற்கும் நான் சரி மேடம் என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. பொட்டலத்தைப் பார்த்தேன். மணி ஒன்றரை. வயிறு பசித்தது.

"சாப்பிட்டு வந்து ஆரம்பிக்கிறேன் மேடம்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எண்ணெய் அக்கா திரும்பிப் பார்த்தாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டே கால் வரைக்கும் நேரம் இருக்கு," என்றார். "அவசரப்படாம சாப்பிடு."

கை கழுவப் போனேன்.