மாற்றுத் தடத்தில் ஏழு வினாடி

அலுவலகத்தில் அவளுக்கு "லைன் அக்கா" என்று பெயர். மேலாளராகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தப் பெயர் விட்டபாடில்லை. தலைமை அலுவலகத்துக்கும் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தொழிற்சாலைக்கும் இடையே டேட்டா லைன் வழியாக முதன்முதலில் போன் பேச வைத்தவள் அவள்தானே! அந்த லைனின் ஆயுசு இன்றோடு சரி. தொழிற்சாலைப் பக்கத்து ரவுட்டரைக் கழற்ற ஒப்பந்தக்காரரோடு வந்திருந்தாள். அவர் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு திருகாணிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ரவுட்டர் ஒரு காலத்தில் அவள் கணவர் பொறுப்பில் இருந்தது; தலைமை அலுவலகத்துப் பெட்டி இவள் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பே அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: அவர் பெட்டிக்குள் இவள் எட்டிப் பார்க்கக் கூடாது, இவள் பெட்டிக்குள் அவர் பார்க்கக் கூடாது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகும் இவள் பார்க்கவில்லை. இன்று வேறு வழியில்லை. அமைப்புகளைப் படி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்.

மடிக்கணினியைப் பொருத்தினாள். திரையில் வரிகள் ஓடின. கூடவே அந்த வெள்ளிக்கிழமைகளும் வந்து நின்றன.

ஒவ்வொரு வெள்ளியும் காலை பதினொரு மணிக்குச் சோதனை. இருவரும் லைனில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர், "உருவறேன்" என்று சொல்லிவிட்டு மெயின் கேபிளை உருவுவார். ரவுட்டர்கள் மாற்று லைனுக்குத் தாவ வேண்டும், ஆனால் பேச்சு அறுந்துவிடக் கூடாது. இவள் ஒன்று, இரண்டு என்று வினாடிக்கொன்றாகச் சத்தமாக எண்ணிக்கொண்டே போவாள். அவர் காதில் மறுபடி விழும் முதல் எண்தான் கணக்கு.

"பதினொண்ணு கேட்டுச்சு. அப்போ பத்து செகண்ட் கட். உங்க பக்கம் எப்படிங்க?"

"இங்கயும் அதே பத்துதான்" என்பாள் இவள்.

பச்சைப் பொய். கேபிளை உருவுவது அவர் பக்கம் என்பதால் அவர் ரவுட்டருக்கு விஷயம் உடனே தெரிந்துவிடும். மூன்றே வினாடியில் மாற்று லைனுக்குப் போய்விடும். இவள் ரவுட்டர் வெகுளி. பதில் வரும், வரும் என்று பத்து வினாடி காத்திருந்த பிறகுதான் அதற்கு உறைக்கும். அதுவரை இவள் எண்ணுவதெல்லாம் செத்த லைனில் போய் விழும். ஆனால் அவர் பேசுவது ஏழு வினாடி முன்னதாகவே இவளுக்குக் கேட்டுவிடும்.

மூன்றாவது வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று அவர் தன் மேலாளரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். ஓர் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் கோளாறு. மாற்றப் போன கை நின்றுவிட்டது. ஒட்டுக் கேட்பது தப்பு என்று தெரியாமலா? தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் பத்தரை மணிக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் பேச்சு இவள் பக்கம் திரும்பியது. "இந்தப் பொண்ணு குரலைக் கேட்டாத்தான் வாரமே முடியுது" என்றார் ஒரு வெள்ளி. அடுத்த வெள்ளி, "எங்க வீட்ல வேற இடம் பேசறாங்க. எனக்கு மனசு ஒப்பல. உன்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரமாட்டேங்குது" என்றார்.

இவளுக்கு எண்ணிக்கை தடுமாறிவிட்டது. ஐந்திலேயே நின்றது நின்றதுதான். மாற்று லைன் முழுதாகச் சேர்ந்தபோது அவர் காதில் விழுந்தது, "ஆறு."

கணக்குப்படி ஐந்து வினாடிதான் கட். ஆனால் அவர், "பத்து செகண்ட். ஓகேங்க" என்றார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. அப்பா உங்களைப் பாக்கணும்னாரு" என்றாள் இவள். அப்பாவுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில், சண்டை வந்தால் போதும், "நீயாத்தானே கூப்பிட்டே!" என்று மார்தட்டுவார். இவள் வாயைத் திறக்க மாட்டாள். அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டதைத் திருடித்தான் அவரைக் கட்டிக்கொண்டோம் என்ற உறுத்தல் முள்ளாக உள்ளேயே கிடந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகேகூடச் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். அப்புறம் சொல்ல ஆள் இல்லை.

"மேடம், படி எடுத்தாச்சா? அழிச்சிரலாமா?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"கடைசிப் பக்கம்தாங்க."

மாற்று லைனுக்கான வரிகள் வந்தன. அங்கே குறிப்பு எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்தில் அவருடைய தமிழ் இருந்தது.

"எதிர்ப்பக்கம் ஏழு செகண்ட் லேட். யாரும் திருத்தாதீங்க. நான் பேசறது அவங்களுக்குக் கேக்குது."

பக்கத்தில் தேதியும் போட்டிருந்தார். சோதனை தொடங்கிய நான்காவது வெள்ளி. அவர் இவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன்னே.

"அட கள்ளா!" என்றாள் வாய்விட்டு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் இவளையே பார்த்தார்.

"அழிக்கட்டுமா மேடம்?"

"ஒரு பத்து செகண்ட் பொறுங்க."

எழுந்து போய் மெயின் கேபிளைத் தானே உருவினாள். பச்சை விளக்கு அணைந்தது. அந்த நாட்களில் தன் குரல் அவருக்குக் கேட்காத நேரத்தில் எண்ணுவதைத் தவிர வேறொன்றும் பேசாதவள், இப்போது பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சுங்க. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

"என்ன மேடம்?"

"உங்ககிட்ட இல்லீங்க" என்றவள், மூன்று, நான்கு என்று எண்ணத் தொடங்கினாள். இந்த முறை எங்கேயும் நிற்காமல் பத்து வரை எண்ணினாள்.