எல்லாருக்கும் ஒரே ‘டு’

1

“அவன் வேலைக்காரனடி. அவனுக்கு என்னத்துக்கு ‘நீங்கள்’—”

“இப்ப அவன் போட்டிருக்கிற கோட்டைப் பாருங்கோ அம்மா, அவனை எல்லாரும்—”

“கோட்டை மாத்தினா ஆள் மாறுமே? முதலாளிக்குத்தான் ‘நீங்கள்’. ஒழுங்காச் சொல்லு.”

கதை இந்தச் சண்டையாகத்தான் எனக்கு வந்தது. எனக்கு எதுவும் காது வழியேதான் வரும். முகங்களைப் பிறகு தேடிப் பிடிப்பேன். ‘அடி’ போட்டவள் தவமணி. யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டில் பத்து வருடம் சமைத்தவள் அமலராணி. இப்போது இருவரும் டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில், ஒரே தொழிற்சாலையில், ஒரே நீல மேலங்கியோடு துணி மடிக்கிறார்கள்.

2

‘1988, பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்—’ வேண்டாம். பனியை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

மண்டபத்தில் முப்பது ஆண்கள், பெண்கள் என்று இவர்கள் இருவர்தான். ஆண்கள் மனைவி பிள்ளைகளை ஊரிலிருந்து கூப்பிட விண்ணப்பித்துவிட்டு, பதிலே வராமல் காத்திருக்கும் வருடம் அது. ஞாயிறைக் கடத்த ஒரு வீடியோ. கிடைத்தது பழைய பிரெஞ்சுப் பகிடிப் படம்: முதலாளியும் வேலைக்காரனும் ஒருநாள் உடுப்பு மாற்றுகிறார்கள், ஊரே உடுப்பைக் கும்பிடுகிறது. கீழே ஓடும் டேனிஷ் எழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பவள் அமலராணி ஒருத்திதான். அவள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு போகிறாள்.

(டேனிஷில் முதலாளிக்கும் ‘டு’, வேலைக்காரனுக்கும் ‘டு’. நமக்கோ நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. யாரை எந்தப் படியில் ஏற்றுவது என்பது அன்றைக்கு அமலராணியின் வாயில் இருந்தது.)

அவளுக்கு வேண்டியது ஒன்றே: இத்தனை பேர் முன்னால் தவமணி தன்னை இனி ‘அடி’ போடக்கூடாது.

3

‘அவளுடைய கண்கள் கலங்—’ எழுதிப் பார்த்தேன். அமலராணி ஒத்துக்கொள்ளவில்லை. திரையில் கோட்டுப் போட்ட வேலைக்காரன் முதலாளியைப் பார்த்து வாய் திறந்ததும் கணீரென்று சொன்னாள்:

“எடேய், கதவைத் திற. நீ என்ன மரம் மாதிரி நிக்கிறாய்?”

மண்டபம் சிரித்தது.

“நிப்பாட்டு,” என்றாள் தவமணி.

அமலராணி நிறுத்தினாள். வீடியோவை அல்ல, தன் வாயை. படம் பாட்டுக்கு ஓடியது. பிரெஞ்சு பிரெஞ்சாகவே போனது.

“தவமணியக்கா,” பின்வரிசையிலிருந்து குருசுமுத்து கேட்டார், “மிச்சத்தை நீங்கள் சொல்லுறியளோ?”

மறுபடி சிரிப்பு. இந்த முறை அது படத்துக்கான சிரிப்பல்ல.

4

முடிவு அ: தவமணி எழுந்து போகிறாள். போகமாட்டாள், படம் அவளையும் பிடித்துவிட்டது.

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து— கோடு போட்டு அடித்துவிட்டேன். அது எனக்கே வெட்கம்.

மிச்சம் இதுதான். திரையில் முதலாளி முழங்காலில் நின்று எதையோ கெஞ்சுகிறான். தவமணி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். அமலராணி கைகளைக் கட்டிக்கொண்டு, திரும்பாமல், முகம் முழுக்க வெளிச்சத்தோடு நிற்கிறாள். அவளுக்கு அவசரமில்லை. அவள் சொல்லப்போகும் பதிலை நான் எழுதமாட்டேன். எந்தப் படியில் வேண்டுமோ, வாசிக்கிற நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது தவமணியின் குரல் மட்டும்:

“அமலராணி... அவன் என்னவாம் கேக்கிறான்? சொல்லுங்கோவன்.”