பழசெல்லாம் மாடிக்கு

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அக்கா. மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. கணவன் போகும்போது அவளுக்கென்று விட்டுப்போனது ஒரு வீடு மட்டும்தான். கீழ்ப்பகுதியில் அவள் இருந்தாள், மாடியை வாடகைக்கு விட்டிருந்தாள். ஆனால் யாராவது வாய் தவறி 'ஹவுஸ் ஓனர்' என்று சொல்லிவிட்டால் அக்காவுக்கு முகம் சுருங்கிப்போகும்.

"ஓனரெல்லாம் அதோ அங்க இருக்கான்" என்று எதிர்ப்பக்கம் கை காட்டுவாள்.

எதிரே ஒரு கம்பெனி கட்டிய நீலக் கட்டடம் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. அதன் முதலாளி கறுப்பா சிவப்பா என்று அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியாது. சுவரில் ஆணி அடித்தால் அபராதம். வருடம் திரும்பினால் வாடகை ஏறும். வாடகை தாமதமானால், வீட்டில் சீக்காளி இருந்தாலும் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். அக்காவின் சொந்தத் தம்பியே அங்கேதான் மராமத்து சூப்பர்வைசர்.

"உங்க முதலாளியெல்லாம் மனுஷனாடா?" என்று கேட்பாள்.

"மனுஷன்னு யாருக்கா சொன்னா? அது கம்பெனி" என்பான் அவன்.

அக்காவின் மாடியில் ஒரு டிரைவர் குடியிருந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவிக்கு பியூட்டி பார்லரில் வேலை. தெருவே அவளை 'பார்லர்' என்றுதான் கூப்பிட்டது. பக்கத்துத் தெருப் பள்ளியில் படிக்கிற ஒரு பெண் குழந்தை. அவர்கள் குடிவந்த நாளிலிருந்து அக்கா வாடகையை ஏற்றவே இல்லை. அது மட்டுமா? கீழே எது பழசானாலும் அது மாடிக்குப் போகும். சோபா போயிற்று, மின்விசிறி போயிற்று, ஒரு கதவு சரியாக மூடாத பீரோவும் போயிற்று.

"தூக்கிப்போட மனசு வரலடி. நீ வெச்சுக்கோ" என்பாள் அக்கா.

"எங்க வீடு உங்க வீட்டோட பழைய போட்டோ மாதிரி இருக்குக்கா" என்று பார்லர் சிரிப்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். எதிர்க் கட்டடத்தில் யாராவது இப்படிக் கொடுப்பார்களா, இப்படிச் சிரிப்பார்களா என்று மனசுக்குள் ஒரு பெருமை.

அந்த வரிசையில்தான் ஹீட்டரும் போயிற்று.

கீழே குளியலறையில் இருந்த ஹீட்டர் கொஞ்ச நாளாகவே குழாயைத் தொட்டால் சுரீர் என்றது. அக்கா புதிதாக ஒன்று வாங்கி மாட்டினாள். பழையதை என்ன செய்வது? தண்ணீர் நன்றாகத்தானே சுடுகிறது! தம்பிதான் தூக்கிக்கொண்டு போய் மாடியில் மாட்டிக் கொடுத்தான்.

"மேல எர்த் வயரே இல்லக்கா. ஆள வெச்சு இழுத்துடு" என்றான்.

"ஆகட்டும்டா" என்றாள் அக்கா. அப்புறம் கடையில் தலைக்கு மேல் வேலை வந்தது. வீட்டுக்கும் சின்னச் சின்னதாக ஏதேதோ செலவு வந்தது.

ஒருநாள் மாடிப்படியில் இறங்கும்போது பார்லர் சொன்னாள். "அக்கா, உங்க ஹீட்டருக்கு மரியாதை ஜாஸ்தி. குழாயத் தொட்டா கை குடுக்குது."

"என்கிட்டயும் அப்படித்தான் இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி நின்னே பழகு" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள்.

பிறகும் அவள் சொன்னாள். "இன்னிக்கு ரொம்ப அழுத்தமாக் கை குடுத்துச்சுக்கா" என்றாள். அப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சும்மா கொடுத்த பொருளைப் பற்றி, வாடகையை ஏற்றாத அக்காவிடம், வேறு எப்படிச் சொல்வாள்?

ஒரு காலை அக்கா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாடியில் வாளி உருளுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் டிரைவரின் அலறல். பார்லரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு தம்பி வந்தான். உட்காரக்கூட இல்லை.

"எங்க கம்பெனி நாய்க் கம்பெனிதான். ஆனா ஷாக் அடிக்குதுன்னு ஒரு போன் வந்தா அன்னிக்கே ஆள் போகும். பாசத்துல இல்லக்கா, கோர்ட்டுக்கு இழுப்பாங்களேன்னு பயம். உன்கிட்ட யாருக்கும் அந்தப் பயம் வரல. உனக்கும் வரல."

"நீதானடா மாட்டுன?"

"நான்தான் மாட்டுனேன். அதான் சொல்றேன், வாயத் தொறக்காத. ரெண்டு பேரும் உள்ள போயிடுவோம்."

போலீஸ் வரும், ஹீட்டர் யாருடையது என்று கேட்கும். என்ன சொல்வது? அக்கா யோசித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முகம் மழிக்காமல், கண் உள்ளே போயிருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு வெளியே நழுவினான்.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துட்டேன்கா. ஹீட்டர் நாங்களே பழசா வாங்கி மாட்டுனதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்களுக்கு ஒண்ணும் வராது."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யுமா?

"எனக்காகப் போய் இப்படி..."

"அதில்லக்கா." அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். "பாப்பாவுக்கு ஸ்கூல் பக்கத்துல இருக்கு. இந்த வாடகைக்கு வேற எங்கயும் கெடைக்காது. வீட்ட மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. அவளும் அதையேதான் சொல்லிட்டே இருந்தா, அக்காகிட்ட எதையும் பெருசு பண்ணாதன்னு."

அவன் மேலே போய்விட்டான். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நாள் மாடியிலிருந்து கேட்ட சிரிப்பில் எது சிரிப்பு, எது பயம் என்று அவளுக்கு இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் போலீஸ் அதிகாரி வந்தார். மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வெயிலில் அலைந்த களைப்பு. சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஹீட்டர் அவங்களோடதுதானேம்மா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு தப்பும், தம்பி தப்புவான், மாடியில் இருப்பவனுக்கும் கூரை தப்பும். எல்லோருக்கும் நல்லது.

அவள் தலையாட்டிவிட்டதாகவே எடுத்துக்கொண்ட அதிகாரி பேனாவை மூடினார். "என்ன பொம்பளையோ! நாலு காசு மிச்சம் பிடிக்க எவனோ தூக்கிப்போட்டத வாங்கி மாட்டியிருக்கா. கொஞ்சமாவது அறிவு வேண்டாம்?"

"அவளுக்கு அறிவு இருந்துச்சு சார்."

"என்னம்மா?"

"அது என்னோட ஹீட்டர். ஷாக் அடிச்சதாலதான் நான் புதுசு வாங்குனேன். பழச மேல குடுத்தேன். எர்த் போடச் சொன்னாங்க, போடல. அவ என்கிட்ட சொன்னா சார். ஒரு தடவ இல்ல, பல தடவ சொன்னா."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புகாரா சொன்னாங்களா?"

"சிரிச்சுட்டே சொன்னா."

"சிரிச்சுட்டே சொன்னா அது எப்படிம்மா புகாராகும்?"

"ஆகும் சார். எனக்குப் புரிஞ்சுது. புரியாத மாதிரி நானும் சிரிச்சேன்."

அதிகாரி மறுபடியும் பேனாவைத் திறந்தார். மாட்டியது யார் என்று கேட்டபோது, "மாட்டச் சொன்னது நான்" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூப்பிடும்போது ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் மின்வாரிய ஆட்கள் வந்து மாடிக்குப் போகும் லைனைத் துண்டித்தார்கள். வயரிங் முழுக்க மாற்றிச் சான்று வாங்கும்வரை மேலே யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள். டிரைவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பொய் எழுதிக் கொடுத்ததற்கு வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் நேராக அக்காவின் வாசலில் வந்து நின்றான்.

"உங்க மனசு இப்ப லேசாச்சா?" என்றான்.

அக்கா கதவை அகலத் திறந்தாள். அவன் உள்ளே வரவில்லை.

"நான் பேசி முடிச்சுட்டு வந்தேன். எம் பொண்டாட்டி போனது போனதுதான், வீடாவது இருக்கட்டும்னு முடிச்சேன். நீங்க நல்லவங்களா ஆகுறதுக்கு எங்க வீடும் போகணுமா?"

"கீழ வந்து இருங்கப்பா. நான் ஒரு ரூம்ல முடங்கிக்கிறேன். வாடகையே வேணாம். பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

சொல்லும்போதே அக்காவுக்குத் தன் குரல் கேட்டது. மறுபடியும் கொடுக்கிற குரல். தூக்கிப்போட மனசு வராத குரல்.

"வேண்டாங்க" என்றான் டிரைவர். "லாரி ஷெட்டுல ஒரு ரூம் கேட்டிருக்கேன். பாப்பாவ மச்சினி வீட்டுல விடறேன். ஸ்கூல அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றைக்கே சாமான்களை இறக்கினான். லாரியின் பின்னால் தன் பெட்டிகளையும் பாத்திரங்களையும் அடுக்கினான். சோபாவும் மின்விசிறியும் பீரோவும் மாடியிலேயே நின்றன. உதவிக்கு வந்த கிளீனர், "இதெல்லாம் ஏத்தலையாண்ணே?" என்று கேட்டதற்கு, "அது நம்மளுது இல்ல" என்றான்.

எல்லாம் ஏற்றி முடித்துக் கயிற்றைக் கட்டிவிட்டு மறுபடி வந்தான். கைகளைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"அட்வான்ஸ் எப்பக் குடுப்பீங்க?"

"நாளைக்குக் குடுத்துடறேன்பா."

"நாளைக்குன்னா எத்தனை மணிக்கு?"

"பேங்க் தொறந்ததும் எடுத்துடறேன். பதினோரு மணிக்கு."

"சரி. பதினோரு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் லாரியில் ஏறினான்.