சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என்னோடு வாசித்த எல்லோருக்கும் இது தெரியும். வாசிப்பு நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வயலின் வாசிக்கிறேன். வீடு தைப்பிங்கில், பிழைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போகும் பினாங்கில். ஜெலுத்தோங்கில் ஜாஹிரின் ஸ்டூடியோவில் மாதத்தில் பத்து நாளாவது பதிவு இருக்கும். அந்தப் பத்து நாளும் தங்குவது, இரண்டு தெரு தள்ளி ஷேக் அலாவுதீன் அண்ணன் வீட்டில். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் கடைத் திறப்பு விழாவில் வாசிக்கப் போனேன். "ஹோட்டல்ல எதுக்கு தங்குறே தம்பி, நம்ம வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு" என்று கையோடு கூட்டிப்போனார். அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது, ஏன் சும்மா கிடந்தது என்று அவர் மனைவி ஆயிஷா அக்கா ஒருநாள் தானாகவே சொன்னார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

என் அப்பா விஸ்வலிங்கம் மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டுவது, கஞ்சி புகட்டுவது, எல்லாம் என் மனைவி ராகினி. மகள் பிறந்த அன்று நான் ஸ்டூடியோவில். மாமியார் இறந்துபோன அன்றும் ஸ்டூடியோவில். இந்த முறை அப்படி நடக்காது என்று ராகினிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "போற நேரத்துல நீ பக்கத்துல இருந்தா போதும்டா."

ஆனால் தைப்பூசம் நெருங்கிவிட்டது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் முருகன் மேல் ஆறு பாட்டு, அதில் ஒன்று பாக்கி. ஒரே நாள்தானே என்று விடியற்காலையில் வெறும் வயிற்றோடு காரை எடுத்தேன். அண்ணன் வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டு நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தேன்.

ஜாஹிரிடம் ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகுமுன் எல்லோருடைய போனையும் வெளியே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அவசரமென்றால் ராகினி ஆயிஷா அக்காவைக் கூப்பிடுவாள், அக்கா எனக்கு ஆள் அனுப்புவார். இதுதான் ஏற்பாடு.

ஒரு மணி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலாவுதீன் அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் அவர் ஸ்டூடியோவுக்குள் வந்ததே கிடையாது. ஜாஹிர் "இன்னொரு டேக் அண்ணே" என்றான். வாசித்தேன். ஒன்றல்ல, மூன்று.

ஒன்றரைக்கு வெளியே வந்தேன்.

"போன் எங்கண்ணே?"

"நான்தான் எடுத்துட்டுப் போனேன். பேட்டரி கம்மியா இருந்திச்சு, வீட்டுல சார்ஜ் போட்ருக்கேன். வா தம்பி, சாப்பிட்டுப் போகலாம்லா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பாவி.

மீன் தலைக் கறி, கணவாய்ப் பிரட்டல், எனக்குப் பிடித்த பருப்பு. அக்கா நிற்காமல் பரிமாறிக்கொண்டே இருந்தார். இரண்டாம் சோறும் வாங்கினேன். கை கழுவித் துண்டில் துடைத்த பிறகு அண்ணன் போனை என் முன்னால் வைத்தார்.

"தம்பி, பதறாதே. அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம். டாக்டர் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு சொல்லிருக்காரு. நீ இப்ப கெளம்பினா சரியா இருக்கும்."

"எப்ப போன் வந்திச்சு?"

"பன்னெண்டே முக்கால்."

மணி இரண்டேகால். என் வாய் திறந்தது.

"என்னை உக்கார வெச்சு மீன் தலை ஊட்டினீங்களா? எங்கப்பா அங்க மூச்சுக்குத் தவிக்கிறாரு, இங்க எனக்கு விருந்தா? பதினோரு வருஷமா சோறு போட்டா என்னை வாங்கிட்டதா அர்த்தமா?"

அண்ணன் தலை குனிந்துகொண்டார். அக்கா "தம்பி, அது வந்து…" என்று ஆரம்பித்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

"உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா, அப்பன் சாகும்போது மகன் எங்க இருக்கணும்னு."

அக்கா கையில் இருந்த கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பினாங்குப் பாலம் தாண்டி ஜூருவை நெருங்கும்போது ராகினியிடமிருந்து போன் வந்தது. இரண்டு ஐம்பதுக்கு அப்பா போய்விட்டார். ஒன்றரைக்கே கிளம்பியிருந்தால் அந்த நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். காரை ஓரமாக நிறுத்தி ஸ்டீரிங்கில் அடித்து அழுதேன். அப்போதும் அவர்கள் இருவரையும்தான் திட்டினேன்.

வீட்டில் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் காலைத் தொட்ட என் கையில் இன்னும் மீன் வாடை இருந்தது.

ராகினி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னை மன்னிச்சிடுங்க."

"உன்னை எதுக்கு? அந்த வீட்டுல என்னை உக்கார வெச்சு…"

"நான்தான் சொன்னேன். காலையில ஒண்ணும் சாப்பிடாம போனீங்க. இங்க வந்தா எடுக்குற வரைக்கும் பச்சைத் தண்ணி எறங்காது. பதட்டத்துல காரை எங்கயாச்சும் விட்ருவீங்களோன்னு பயந்தேன். அக்கா ஒடனே சொல்லிடறேன்னுதான் சொன்னாங்க. வேணாம், சாப்பிட வெச்சிட்டுச் சொல்லுங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். டாக்டர் சாயங்காலம்னு சொன்னாரே, நம்பிட்டேன்."

அந்த மேசையில் அண்ணனோ அக்காவோ இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கோபம் முழுவதும் ராகினி மேல் திரும்பியிருக்கும். அதனால்தான் அண்ணன் அக்காவின் வாயை அடைத்தார்.

"அவங்ககிட்ட எதுவும் பேசிடலையே?" என்றாள் ராகினி.

நான் பேசியதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை அலாவுதீன் அண்ணன் தனியாக வந்தார். வெயிலில் வாசலோரம் நின்றார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, ராகினி சொல்லிட்டா. அக்கா வரலையா?"

"அவளால முடியல தம்பி. ராத்திரி பூரா அந்த ரூம்ல உக்காந்திருந்தா."

"நான் கோவத்துல ஏதோ…"

"நீ பொய் ஒண்ணும் சொல்லலையேப்பா. நமக்குப் பிள்ளை இருக்குன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தா."

உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்பாவை எடுக்க நேரமாகிவிட்டது.