சாம்பிராணி பட்ட துணி

கார்பன் துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். அதே துணியைப் பிளாஸ்மா பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, கொஞ்சம் ஆக்சிஜன் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே ஊதா வெளிச்சம் எரியும். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் சொட்டு பரவிவிடும். பசையும் பரவிப் பிடித்துக்கொள்ளும். மாறுவது மேல்தோல் மட்டும்தான். ஓரிரண்டு நாளுக்குள் பசை ஏற்றிவிட வேண்டும். அதுவரை கை படக்கூடாது, புகை படக்கூடாது.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறையில், போலியோ வந்த பிள்ளைகளுக்கு இந்தத் துணியில் கால் தாங்கும் பட்டை செய்தோம். நான் சூப்பர்வைசர். பசை பூசுகிறவர் தனக்கொடி. மில் வேலை போனபின் எங்களிடம் வந்தவர்.

எண்பத்தாறு ஆயுத பூஜை அன்று காலை ஒரு துணி பெட்டியிலிருந்து வந்தது. இத்தனை உயர்ந்த பொருள் சாமி முன்னால் இருக்கட்டும் என்று, கத்தரிக்கோல் சுத்தியலோடு நான்தான் அதையும் வைத்தேன். பொரி, பூசணிக்காய், பட்டறை நிறைய சாம்பிராணி. படைத்ததை மறுநாள்வரை எடுப்பதில்லை.

விஜயதசமி காலையில் எடுத்தபோது துணியில் சாம்பிராணி மணந்தது. புகை பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நல்ல நேரம் போய்விடுமே என்று, சொட்டு வைத்துப் பார்க்காமலே தனக்கொடியிடம் கொடுத்துவிட்டேன்.

பத்து நாளில் பட்டைகள் வெங்காயத் தோல்போல உரிந்து திரும்பி வந்தன.

"யாரு கை பட்டுச்சு?" என்றார் முதலாளி தணிகாசலம்.

"தனக்கொடியக்கா தலையப் பாருங்க சார், எண்ணெ வழியுது. எண்ணெக்கைக்கு எது ஒட்டும்?" என்று சிரித்தாள் துணி வெட்டும் ராஜாம்பாள்.

"கையொறை போட்டுக்கினுதான் சார் பூசுனேன். சூப்பர்வைசர் சார், நீங்களாவது சொல்லுங்க."

நான் பெட்டியின் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாதத்தோடு அவருக்கு வேலை போயிற்று.

அடுத்த வருடப் பூஜைக்கு, பெட்டியிலிருந்து வந்த ஒரே துணியில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றைச் சாமி முன்னால் வைத்தேன். ஒன்றை டப்பாவில் மூடினேன். மறுநாள் டப்பாத் துண்டில் சொட்டு பரவியது. மற்றதில் உருண்டு நின்றது. சாமிக்குப் புகை போட்டது தப்பில்லை. வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு.

தேடிப் போனபோது தனக்கொடி பெரிய மார்க்கெட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன் மேல தப்பில்லம்மா. சாம்பிராணிப் புகைதான். எனக்கு அப்பவே சந்தேகம்."

அவர் கை நிற்கவில்லை. "எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? எண்ணெக்கைன்னு சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

"முதலாளிகிட்ட சொல்லி வேலைக்கு…"

"எம் எடத்துல இப்ப யாரு இருக்கா?"

"கன்னியம்மாள்னு ஒருத்தி. கைக்கொழந்தக்காரி."

"அப்ப அவளே இருக்கட்டும். எம் பேர மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு துண்டிலும் சொட்டு விட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் ராஜாம்பாள் மார்க்கெட் பக்கம் போனாள். காலையில் வந்தபோது தலையில் நெருக்கிக் கட்டிய கதம்பம்.

"காசு வாங்கிக்கவே மாட்டேன்னுட்டாங்க சார்" என்றாள். அழுதிருந்தாள்.

ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம்.